பதினோரு மணித் துடைப்பு

லாரி எடைமேடையில் ஏறி நின்றது. சிவப்பு இலக்கங்கள் குதித்துக் குதித்து இருபத்தாறாயிரத்து நானூற்று எண்பதில் அமர்ந்தன. இந்துமதி பொத்தானைத் தட்டினாள். கம்ப்யூட்டர் திரை நீலமானது.

நீலத்தின் மேல் மூலையில் ஒரு சோகமுகம். அதன் கீழே நாலு வரி ஆங்கிலம். அவள் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டாள்.

"போச்சா தங்கச்சி?" லாரிக்குள்ளிருந்து வன்னியபெருமாள் கேட்டார்.

"போச்சுண்ணே."

"எனக்குத் தெரியும். நான் ஏறுனாத்தான் போகும். நான் பொறந்தன்னைக்கே ஊருல கரண்டு போச்சுன்னு எங்கம்ம சொல்லுவா."

அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். பின்னால் ஐந்து லாரிகள் நின்றன. அவற்றிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். கம்ப்யூட்டர் மறுபடி எழுந்து உட்காரப் பதினெட்டு நிமிடம் ஆகும். அது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் டீக்கடைக்கு நடந்தார்கள்.

கடை மேடையை ஒட்டியே இருந்தது. இந்துமதியின் புருஷன் சத்தியராஜின் கடை. அவன் ஒரு கை பருப்பை உருட்டித் தட்டி எண்ணெயில் போட்டான்.

"ஏலே சத்தியராஜ்," என்றார் வன்னியபெருமாள். "உள்ள அவ மிசின நிறுத்துதா. வெளிய நீ வடையப் போடுத. குடும்பமாச் சேந்து தொழில் பண்ணுதிய போல."

எல்லோரும் சிரித்தார்கள். சத்தியராஜும் சிரித்தான். அறைக்குள் இந்துமதியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு, மேடைச் சொந்தக்காரர் இருக்கும் நாசரேத் வரை போய்ச் சேரும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

முத்தையாபுரம் தாண்டி உப்பளத்துக்குத் திரும்பும் சாலையில் இருக்கிறது அந்த எடைமேடை. இரண்டு பக்கமும் பாத்திகள். வரப்பு ஓரத்தில் உப்பு அம்பாரமாகக் குவிந்து வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். லாரி காலியாக ஒரு தடவை ஏறி எடை போடும். உப்பை ஏற்றிக்கொண்டு வந்து இன்னொரு தடவை ஏறும். சீட்டு அச்சாகி வந்தால்தான் துறைமுகத்து வாசல் திறக்கும். கையால் எழுதிய சீட்டு செல்லாது. மேடைக்குப் பின்னால் இரண்டு அறைகள். அதுதான் இந்துமதிக்கும் சத்தியராஜுக்கும் வீடு.

அந்தப் பக்கத்தில் இரும்பை நம்பக் கூடாது. கதவின் கீல் வருஷத்துக்கு ஒன்று. பூட்டு ஆறு மாதம். மின்விசிறியின் இறக்கை தானாக உதிரும். அதனால் அங்கே இருப்பவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. எதைத் தொட்டாலும் முதலில் துடைப்பார்கள். பூட்டைத் துடைத்துவிட்டுத் திறப்பார்கள். போன் சார்ஜரைத் துடைத்துவிட்டுச் செருகுவார்கள். துடைத்த இடத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். கோடையில் பதினோரு மணிக்குக் கடல்காற்று திரும்பும். அதோடு ஈரம் வரும். உப்பளத்தில் துண்டுகள் தோளிலிருந்து இறங்கும் நேரம் அது.

சத்தியராஜின் துண்டு மற்றவர்கள் துண்டைவிட அதிகம் உழைத்தது. அடுப்பு, தகர மேசை, தண்ணீர்க் குழாய், மனைவியின் நாற்காலிக் கால் எல்லாம் அவன் பொறுப்பு. எடை எண்ணைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் கேபிளும் அவன் பொறுப்பு. காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் டீ கொண்டு வருவான். டம்ளரை வைப்பான். கேபிளை உருவித் துடைத்து, எண்ணெய் தொட்டு, ஊதி, திரும்பச் செருகுவான். "இனி நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போவான். நாலு வருஷமாக இதுதான் வழக்கம். டீ வருவதைப் பார்ப்பதோடு சரி, அவன் கேபிள் துடைப்பதை இந்துமதி தனியாகக் கவனித்ததில்லை.

மூன்று மாதமாகத்தான் இந்த நீலத்திரை. டவுனிலிருந்து மெக்கானிக் ஜாய்சன் மூன்று தடவை வந்து போனான். முதல் தடவை மெமரிப் பட்டையைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினான். அடுத்த தடவை புதுப் பட்டையே போட்டான். மூன்றாவது தடவை ஒரு சோதனையை ஓடவிட்டுவிட்டு மூன்று வடை தின்றான்.

"மெமரில ஒரு குத்தமும் இல்லக்கா."

"பெறகு?"

"மெமரின்னுதான் திரையில வருது. ஆனா மெமரில குத்தமில்ல."

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடேன்."

"எடை சாப்ட்வேர் போட்டவன் கம்பெனிய மூடிட்டுப் போயிட்டான். அழிச்சா மறுபடி வராது. பரவால்லியா?"

பரவாயில்லை என்று அவள் எப்படிச் சொல்வாள்?

வன்னியபெருமாள் கேலி செய்த அன்று வியாழக்கிழமை. மூன்று மணிக்குக் கிருபாநிதி சார் நாசரேத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். மேடையின் சொந்தக்காரர். முப்பது வருஷம் வேதியியல் வாத்தியார். ஓய்வு பெற்ற பின் சும்மா இருக்க முடியாமல் எடைமேடை போட்டவர். கக்கத்தில் நீள நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும்.

இந்துமதி எழுந்தாள்.

"நீ உக்காரும்மா. நான் நிக்கேன்." நோட்டைத் திறந்தார். "இதுவரைக்கும் பதினேழு தடவை நின்னிருக்கு. நீ போன்ல சொன்ன நேரத்தை அப்படியே எழுதியிருக்கேன்."

"ஆமா சார்."

"பதினாலு தடவை, காலைல பதினொண்ணு தாண்டிப் பத்து நிமிஷத்துக்குள்ள. இல்லைன்னா சாயங்காலம் நாலு தாண்டிப் பத்து நிமிஷத்துக்குள்ள. கம்ப்யூட்டருக்கு டீ நேரம் எப்படிம்மா தெரியும்?"

அவள் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீ கொண்டுவாரது யாரு?"

"அவியதான் சார்."

"மேடை நின்னா வடை விக்கிறது யாருக்கு? லாரிக்காரங்க சொல்லிச் சிரிக்கிறது என் காது வரைக்கும் வந்திருச்சு."

"சார், அவிய அப்படி ஆளு இல்ல."

"நானும் அப்படி நினைக்கலை. நோட்டு சொல்லுது." நோட்டை மூடினார். "திங்கட்கிழமை கப்பல் வருது. ரெண்டு நாள்ல முந்நூறு லோடு. ஒரு தடவை நின்னாலும் லாரியை பைபாஸ் மேடைக்குத் திருப்பிருவேன்னு உப்புக் கம்பெனி மேனேஜர் சொல்லிட்டாரு. அதனால ஞாயித்துக்கிழமைக்குள்ள கடையை எடுத்திரச் சொல்லு. என் எல்லைக்குள்ள கடை வேண்டாம்."

அவள் மூடிய நோட்டைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"மீதி மூணு தடவ, சார்?"

கிருபாநிதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்கு எனக்கும் காரணம் தெரியலை. தெரியலைங்கிறதை மறைக்க மாட்டேன்." நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து மூன்று தேதிகளை எழுதிக் கொடுத்தார். மார்க்கு லிஸ்ட் கொடுப்பது போலக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம்தான் அவளால் அதைச் சத்தியராஜிடம் சொல்ல முடிந்தது. சாளைமீன் குழம்பு. அவன் சோற்றைப் பிசைந்தான். வாயில் வைக்கவில்லை.

"வடைக்காக நான் மிசின நிறுத்துவேனா? என்னப் பாத்தா அப்படியா தெரியுது?"

"நின்னா ஒங்களுக்குச் சந்தோசமா, இல்லியா? உண்மையச் சொல்லுங்க."

"சந்தோசந்தான். வட போணியாச்சுன்னா அழுவவா செய்வாவ?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டை நீட்டினாள். அவன் எச்சில் கையை விலக்கி எட்டிப் பார்த்தான். முதல் இரண்டு தேதிகளைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"ஏளா! இந்த ரெண்டு நாளும் நான் சாத்தான்குளத்துல மைனி மவ கல்யாணத்துல இருந்தேன்! மூணாவது நாளு பல்லு புடுங்கப் போனேன். கடையே தொறக்கல. டீயும் இல்ல, ஆளும் இல்ல. பெறகு எப்படி நான்?"

"அதான."

"ஒங்க சார்ட்டச் சொல்லு. நோட்டுல இதயும் எழுதச் சொல்லு." அவன் சந்தோஷமாகச் சாப்பிட ஆரம்பித்தான். இன்னும் இரண்டு மீன் கேட்டான்.

இந்துமதி கரண்டியில் மீனை எடுத்தாள். எடுத்தபடியே இருந்தாள்.

கல்யாணத்தன்று பன்னிரண்டு மணி தாண்டி அவளுக்கு ஒரு போன் வந்தது. பின்னால் மேளச் சத்தம். "ஏளா, காத்து திரும்பியாச்சா? கேபிளத் தொடச்சியா?" என்று அவன் கத்தினான். அவள் துடைத்தாள். மறுநாளும் அதே நேரத்துக்குப் போன் வந்தது. மறுநாளும் துடைத்தாள். பல் பிடுங்கின அன்று அவனால் பேச முடியவில்லை. வாயில் பஞ்சோடு எழுந்து வந்து சைகையில் காட்டினான். அன்றைக்கும் துடைத்தாள்.

"மீன வையி. கையி வலிக்கப்போவுது," என்றான் சத்தியராஜ்.

அவள் வைத்தாள். சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இரண்டு மணிக்குச் சாலை காலியாக இருந்தது. பாத்தியில் வேலை செய்கிறவர்கள் கொட்டகையில் படுத்திருந்தார்கள். இந்துமதி கம்ப்யூட்டருக்குப் பின்னால் கை விட்டுக் கேபிளை உருவினாள். துடைத்தாள். செருகினாள். திரையில் எடை காட்டும் பக்கத்தைத் திறந்து பொத்தானைத் தட்டினாள். காலி மேடைக்குச் சுழியம் வந்தது. நீலத்திரை வரவில்லை.

இன்னொரு தடவை செய்தாள். வரவில்லை.

அவள் உட்கார்ந்து யோசித்தாள். தினம் இரண்டு தடவை துடைக்கிறோம். மூன்று மாதத்தில் பதினேழு தடவைதான் நின்றிருக்கிறது. மற்ற நாளில் ஏன் நிற்கவில்லை? நின்ற நாளெல்லாம் எப்படிப்பட்ட நாள்? கூட்டம் இருந்த நாள். கூட்டம் இல்லாவிட்டால் ஒவ்வொரு லாரிக்கும் எடைப் பக்கத்தைத் திறந்து, முடிந்ததும் மூடுவாள். கூட்டத்தில் மூட நேரம் ஏது? அது திறந்தே கிடக்கும்.

எடைப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். அது திறந்திருக்கும்போதே கேபிளை உருவினாள். துடைத்தாள். செருகினாள். பொத்தானைத் தட்டினாள்.

நீலம். சோகமுகம்.

அவளுக்கு வந்த சிரிப்பில் சோகமுகமே கொஞ்சம் தெளிந்தது போல இருந்தது. பதினெட்டு நிமிடம் காத்திருந்து மறுபடி செய்தாள். மறுபடி நீலம். மூன்றாவது தடவையும் நீலம்.

போனில் சேர்த்து வைத்திருந்த பதினேழு படங்களையும் எடுத்து வரிசையாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கடைசி வரியில் ஒரே பெயர். புரியாத எட்டு எழுத்துகள். அந்த எட்டு எழுத்துகளை எங்கேயோ பார்த்திருக்கிறாள். மேசை இழுப்பறையைத் திறந்தாள். மாசி மாதம் பழைய கேபிள் உப்பு தின்று செத்துப்போனபோது ஜாய்சன் புதுக் கேபிள் மாட்டினான். அதோடு வந்த சிடியின் உறையில் அந்தப் பெயர் இருந்தது.

அவள் ஜாய்சனுக்குப் போன் போட்டாள்.

"ஜாய்சா, நான் அனுப்புன படத்துல கடைசி வரியப் படிச்சியா?"

"அதுக்கு மேல் வரிலயே மெமரி கோளாறுன்னு தெரிஞ்சிட்டுல்லாக்கா. பெறகு எதுக்குப் படிக்க?"

"கடைசி வரியில ஒரு பேரு இருக்கு. நீ போட்ட கேபிள் சிடியிலயும் அதே பேரு இருக்கு."

அந்தப் பக்கம் பைக் நிற்கும் சத்தம் கேட்டது.

"காலைல வாரேன்க்கா."

சனிக்கிழமை வந்தவன் இந்தத் தடவை ரப்பர் எடுக்கவில்லை. திரையில் ஒரு பட்டியலைத் திறந்து, மறைந்திருப்பதையும் காட்டு என்று தட்டினான். சாம்பல் நிறத்தில் பெயர்கள் வரிசையாக வந்தன. சத்தியராஜ் டீயோடு வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றான்.

"இது என்னதுலே?"

"நாலு வருசத்துல செத்த கேபிளுங்க அண்ணாச்சி. பத்து கேபிள் செத்திருக்கு. ஒவ்வொரு கேபிளுக்கும் அதோட சிடியப் போட்டேன். பழச எடுக்கவே இல்ல. பத்து பேரும் உள்ளதான் குடியிருக்காவ."

"பேயி மாதிரியா?"

"பேயின்னே வச்சிக்கிடுங்க. கேபிளப் பேச வைக்கிற இந்தச் சின்ன புரோகிராமுக்கு டிரைவர்னு பேரு. ராத்திரி நெட்டுல தேடிப் பாத்தேன், மாசில போட்ட பதினோராவது கேபிளோட டிரைவர் படு மட்டம். கேபிள் வேல செய்யும்போது உருவுனா, தனக்குக் குடுத்த மெமரிய உடனே திருப்பிக் குடுத்திருது. குடுத்தது அதுக்கு ஞாபகம் இல்ல. அடுத்த லாரி வந்ததும் அதே எடத்துல போயி எடைய எழுதுது. அதுக்குள்ள அங்கன வேற சாமான் இருக்கும். அதோட மொத்த மிசினும் நின்னுரும்."

சத்தியராஜ் டம்ளரைக் கீழே வைத்தான். தோளில் கிடந்த துண்டைப் பார்த்தான்.

"உருவுனாவா?"

இந்துமதி சொன்னாள். "பதினாலு தடவ நீங்க. மூணு தடவ நான்."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து ஜாய்சன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நாலு வருசமாத் தொடைக்கேனே. அப்பல்லாம் நிக்கலியே."

"பழைய டிரைவருங்க பொறுத்துக்கிட்டு. இது பொறுக்கல."

"நிக்குது நிக்குதுன்னுதான் நான் இன்னும் அழுத்தித் தொடச்சேன்."

ஜாய்சன் பத்துப் பேய்களையும் ஒவ்வொன்றாக நீக்கினான். மட்டமான கேபிளோடு அதன் டிரைவரையும் எடுத்தான். நல்ல கேபிள் ஒன்று கொண்டுவந்திருந்தான். அதற்குரிய டிரைவரை, அதைச் செய்தவர்களின் தளத்திலிருந்தே இறக்கிப் போட்டான். கேபிளின் முனைக்குக் கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் உறை போட்டான். பிறகு இந்துமதி எடைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருபது தடவை உருவிச் செருகினாள். இருபது தடவையும் சுழியம் வந்தது.

ஜாய்சன் போன பின் சத்தியராஜ் மெதுவாகச் சொன்னான்.

"சார்ட்டச் சொல்லாண்டாம். அதான் சரியாயிட்டுல்லா."

"காரணம் தெரியாம அவரு விடமாட்டாரு. நோட்டுல எடம் விட்டு வச்சிருக்காரு."

"சொன்னா நான்தான்னு ஆயிரும். கடைய எடுத்திருவாரு."

"சொல்லாட்டா எடுக்கத்தான் போறாரு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"அதுக்கு?"

"கடைய எடுக்காதிய. திங்கக்கிழம வரட்டும். நான் பேசுதேன்."

திங்கட்கிழமை லாரி வரிசை சாலை வளைவையும் தாண்டி நின்றது. பத்தரை மணிக்குள் நாற்பது சீட்டு அச்சாகியிருந்தது. கிருபாநிதி சார் பஸ்ஸிலிருந்து இறங்கி முதலில் கடையைப் பார்த்தார். அது இருந்த இடத்தில் இருந்தது. அவர் அறைக்குள் வந்தார்.

"நான் சொன்னது என்ன ஆச்சு?"

"காரணம் கிடைச்சிட்டு சார்." அவள் கையை நிறுத்தாமல், லாரிகளை ஏற்றி இறக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டீ, காற்று, துண்டு, கல்யாண வீட்டுப் போன், பல் பிடுங்கின நாள்.

அவர் நோட்டைத் திறந்தார். "அப்போ நான் எழுதினது சரி."

"சரிதான் சார். ஆனா குத்தம் அவிய மேல இல்ல."

"எப்படி?"

"பாத்திய வச்சிச் சொல்லுதேன் சார். ஒருத்தன் குத்தகைப் பாத்திய ஒப்படைச்சிட்டான். அந்தப் பாத்தி இன்னொருத்தனுக்குப் போயிட்டு. ஒப்படைச்சது மறந்துபோயி மொதல் ஆளு மறுநாளும் வந்து அதே பாத்தியில உப்பு வாருதான். ரெண்டு பேருக்கும் சண்ட. கங்காணி என்ன செய்வாரு? யாரு பாத்தின்னு தெரியுத வரைக்கும் ஒருத்தரும் வார வேண்டாம், எல்லாரும் கரைக்கு ஏறுங்கன்னுவாரு. அதான் நீலத்திர. மறந்தது அந்த டிரைவரு. இவிய செஞ்சது தொடச்சது மட்டுந்தான். இங்கன யாரு சார் தொடைக்காம இருக்கா?"

கிருபாநிதியின் கையே அப்போது தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. அதை அவரும் கவனித்தார்.

"சோதிச்சுப் பார்த்திருவோம்," என்றார்.

"சாயங்காலம் பாக்கலாமா சார்?"

"இப்போ. லாரி மேடையில நிக்கணும். பக்கம் திறந்திருக்கணும். இப்போ நிக்கலைன்னாத்தான் நிக்காது."

மேடையில் ஏறியது வன்னியபெருமாள் வண்டி. கிருபாநிதி வாசலுக்குப் போய்ச் சத்தியராஜை அழைத்தார்.

"வா தம்பி. தினம் எப்படிச் செய்வியோ அப்படியே செய்."

சத்தியராஜ் வந்தான். கேபிளை உருவினான். துடைத்தான். எண்ணெய் தொட்டு ஊதினான். செருகினான். வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாய் வரவில்லை.

இந்துமதி பொத்தானைத் தட்டினாள்.

எண் வந்தது. இருபத்தாறாயிரத்து எழுநூற்று இருபது. பிரிண்டர் கரகரவென்று சத்தம் போட்டுச் சீட்டைத் தள்ளியது.

"போச்சா தங்கச்சி?" வன்னியபெருமாள் அதற்குள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கடைப்பக்கம் பாதி தூரம் நடந்திருந்தார்.

"வந்திட்டுண்ணே! சீட்ட வாங்கிட்டுப் போங்க!"

"ஐயோ. அப்ப வட?"

"கட்டித் தாரேன், கொண்டு போங்க!" என்று சத்தியராஜ் உள்ளிருந்தே கத்தினான். அவன் குரலைக் கேட்டு வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"காரணம், டிரைவர்," என்று வாய்விட்டுச் சொல்லியபடி கிருபாநிதி நோட்டில் எழுதினார். எழுதி முடித்து அடியில் ஒரு கோடு போட்டார்.

"அந்த டிரைவர் யாருன்னு கேட்டீங்களா?" என்று வன்னியபெருமாள் ஜன்னலில் சீட்டை வாங்கிக்கொண்டே கேட்டார். "கடைசில டிரைவர் மேலதான் பழி வரும். இது இன்னைக்கு நேத்து உள்ள வழக்கமா?"

கிருபாநிதி சிரித்தார். இந்துமதி அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்று கடையைப் பார்த்தார். வடை வாசனையை ஒரு தடவை இழுத்து விட்டார்.

"கடை இருக்கட்டும்," என்றார். "துண்டு வெளியே இருக்கட்டும்."

அன்று மாலையே சத்தியராஜ் வாசல் நிலையில் ஓர் ஆணி அடித்தான். அடிப்பதற்கு முன் அதைத் துடைத்து எண்ணெய் போட்டான்.

கப்பல் புதன்கிழமை கிளம்பிப் போனது. மேடை ஒரு தடவை கூட நிற்கவில்லை. வடைதான் முன்போலப் போகவில்லை. காகிதத்தில் கட்டி ஜன்னல் வழியே நீட்டினால் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதைச் சத்தியராஜ் இரண்டு நாளில் கண்டுபிடித்தான். பிறகு போனது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் காற்று திரும்பியது. அவன் டீயோடு வந்தான். துண்டை ஆணியில் மாட்டினான். உள்ளே வந்து டம்ளரை வைத்தான். வெறும் கையோடு நின்றான். போக மனமில்லை. கை தானாகக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய், பாதியில் நின்றது.

அங்கே ஒரு பழைய கேபிள் தொங்கியது. மாசியில் மாட்டிய அதே மட்டமான கேபிள். ஒரு முனை சுவரில் நூலால் கட்டியிருந்தது. மறு முனை எதிலும் இல்லை.

அவன் இந்துமதியைப் பார்த்தான். அவள் எடை இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

அவன் சட்டை நுனியை எடுத்தான். கேபிளின் முனையை நன்றாகத் துடைத்தான். ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு ஊதினான். இருந்தபடியே தொங்கவிட்டான்.

"இனி நிக்காது," என்றான்.